‘நொஸொஸ்’: நோயைக் குறிக்கும் பழங்கிரேக்கச் சொல்லின் எல்லா வடிவங்களையும் பிழையில்லாமல் கற்க முழு வழிகாட்டி

பழங்கிரேக்கம் படிக்கத் தொடங்கிய சில வாரங்களில் எல்லாருக்கும் ஒரு தைரியம் வந்துவிடும். ‘ஒஸ்’ என்று முடிந்தால் ஆண்பால், ‘ஏ’ என்று முடிந்தால் பெண்பால், அவ்வளவுதானே என்று. அந்தத் தைரியத்தோடு ‘நொஸொஸ்’ என்ற சொல்லுக்கு வருவார்கள். முடிவு ‘ஒஸ்’. ஆனால் சொல் பெண்பால். அங்கே தொடங்கும் குழப்பம் ஆர்ட்டிக்கிள் (ஆங்கில ‘தி’ போலப் பெயருக்கு முன் வரும் சொல்), பெயரடை, வாக்கியம் என்று வரிசையாகப் பரவும்.

பலரோடு உட்கார்ந்து இந்தச் சொல்லைப் படிக்கவைத்திருக்கிறேன். சறுக்குபவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே காரணத்தால்தான் சறுக்குகிறார்கள்: அட்டவணையை முதலில் மனப்பாடம் செய்கிறார்கள், பாலையும் தொனிக்குறியையும் பிறகு ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். வரிசையைத் திருப்பிப்போட்டால் பாதிப் பிழைகள் வரவே வராது. கீழே இருப்பது அந்த வரிசை.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

24 கிரேக்க எழுத்துகளும் தடுமாறாமல் வாசிக்க வர வேண்டும். பெண்பால் ஆர்ட்டிக்கிளும் தெரிந்திருக்க வேண்டும். ஒருமையில் ஹே, தேஸ், தே, தேன். பன்மையில் ஹை, தோன், தைஸ், தாஸ். இது தெரியாமல் நொஸொஸுக்குள் நுழையாதீர்கள். இந்தச் சொல்லின் விகுதிகள் அதன் பாலைக் காட்டாது, ஆர்ட்டிக்கிள் மட்டும்தான் காட்டும்.

இன்னொன்று, ‘நொமொஸ்’ (சட்டம்) போன்ற ஒரு சாதாரண ஆண்பால் சொல்லை ஒரு முறையாவது முழுதாக எழுதிப் பார்த்திருக்க வேண்டும். நொமொஸும் நொஸொஸும் அச்சில் வார்த்ததுபோல ஒரே விகுதிகள், ஒரே தொனி. வேறுபடுவது பால் மட்டும். அதனால் கடைசி வரை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே படிக்கப்போகிறோம். நோட்டில் இடப்பக்கம் நொமொஸ், வலப்பக்கம் நொஸொஸ் என்று இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே கிரேக்கத்தைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். க, த, ப பெரும்பாலும் ‘பக்கம்’, ‘பத்து’ என்பதில் வருவதுபோல வல்லொலிதான்; ஹொதொஸ், பிப்லொஸ் போன்ற சில சொற்களில் மட்டும் ‘பந்து’, ‘அன்பு’ என்பதில் வருவதுபோல மெலிந்து ஒலிக்கும். ஒ என்றால் ஓமிக்ரான், ஓ என்றால் ஓமேகா. எ என்றால் எப்சிலான், ஏ என்றால் ஏட்டா. நோட்டில் மட்டும் கிரேக்க எழுத்திலேயே எழுதுங்கள்.

2. முதலில் எழுத்துக் கூட்டி வாசியுங்கள்

நியூ, ஓமிக்ரான், சிக்மா, ஓமிக்ரான், சிக்மா. ஐந்தே எழுத்து. இருந்தும் மூன்று இடங்களில் தடுக்கும்.

சிற்றெழுத்து நியூ ஆங்கில ‘வி’ போலவே இருக்கும். புதியவர்கள் ‘வொஸொஸ்’ என்று படித்துவிட்டு அகராதியில் தேடித் தேடிக் களைப்பார்கள். அடுத்தது சிக்மா. சொல்லின் நடுவில் அதற்கு ஒரு வடிவம், சொல்லின் கடைசியில் வேறு வடிவம். ஒரே சொல்லில் இரண்டும் வருவதால் நொஸொஸ் இதற்கு நல்ல பயிற்சி. விகுதி மாறி ‘நொஸொன்’ என்று ஆகும்போது கடைசி சிக்மா போய்விடும், நடுச் சிக்மா அப்படியே நிற்கும்.

மூன்றாவது, உயிரெழுத்தின் குறில் நெடில். இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு நமக்குப் பிறந்ததிலிருந்து காதில் இருப்பது. ‘கொடு’, ‘கோடு’ என்பதை நாம் குழப்புவதில்லை. நொஸொன், நொஸோன் என்பதும் அதே வேறுபாடுதான்: முதலாவது ‘நோயை’, இரண்டாவது ‘நோய்களின்’. இந்த வசதியை வீணாக்காதீர்கள். ஆங்கில வழியாகப் படிக்கும் பலர் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரித்துப் பழகிவிட்டுப் பிறகு எழுத்துப்பிழையோடு போராடுகிறார்கள். அப்படிப் பழகிய பின் திருத்துவது கடினம்.

அப்புறம், தோற்றத்தில் நெருங்கிய சொற்களை இப்போதே பிரித்துவையுங்கள். ‘நேஸொஸ்’ என்றால் தீவு. ஏட்டாவும் ஓமிக்ரானும் மாறினால் நோய் தீவாகிவிடும். அதுவும் பெண்பால் என்பதால் ஆர்ட்டிக்கிளை வைத்துத் தப்பிக்க முடியாது. ‘நொஸ்தொஸ்’ என்றால் வீடு திரும்புதல். ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லின் முதல் பாதி இதிலிருந்து வந்தது, நோயிலிருந்து இல்லை.

தமிழ் ‘நோய்’க்கும் ‘நொஸொஸு’க்கும் உறவு உண்டா என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் கேட்பார். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துச் சொல்லுறவு காட்ட முடியாது. கிரேக்கத்துக்குள்ளேயே இந்தச் சொல்லின் வேர் உறுதியாக நிறுவப்படவில்லை. நினைவில் வைக்க ஒரு கொக்கியாகப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. அதற்கு மேல் அதன்மீது எதையும் கட்டாதீர்கள்.

3. பொருளுக்கு முன் பாலை மனத்தில் ஏற்றுங்கள்

‘நொஸொஸ் என்றால் நோய்’ என்று எழுதாதீர்கள். ‘ஹே நொஸொஸ் என்றால் நோய்’ என்று எழுதுங்கள். ஆர்ட்டிக்கிள் இல்லாமல் இந்தச் சொல்லை வாயால்கூடச் சொல்லாதீர்கள்.

இதற்குக் காரணம் நம் மொழிப் பழக்கம். தமிழில் நோய் அஃறிணை. பால் பொருளிலிருந்து வரும், சொல்லின் முடிவிலிருந்து வராது. கிரேக்கத்தில் பால் சொல்லோடு ஒட்டிய இலக்கணச் செய்தி. நோய் ஏன் பெண்பால் என்று யோசித்து விடை காண முடியாது. அதனால் மூளை கண்ணுக்குத் தெரியும் ‘ஒஸ்’ விகுதியைப் பிடித்துக்கொண்டு ஆண்பால் என்று முடிவுகட்டிவிடும். அதைத் தடுக்க ஒரே வழி, ‘ஹே’யைச் சொல்லின் முதலெழுத்துபோலவே நினைத்துப் பழகுவதுதான்.

பாடநூல்களின் சொற்பட்டியலில் இதை மூன்று துண்டாகத் தருவார்கள்: நொஸொஸ், பிறகு ‘ஊ’ என்ற விகுதி, பிறகு ‘ஹே’. நடுத்துண்டு உடைமை வேற்றுமை ‘நொஸூ’ என்பதைச் சொல்கிறது. மூன்றாவது துண்டு பால். பலர் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சொல்லைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் உயிர்.

இதே வகைச் சொற்கள் இன்னும் சில உண்டு: ஹொதொஸ் (வழி), நேஸொஸ் (தீவு), ப்ஸேபொஸ் (வாக்களிக்கும் கூழாங்கல்), பிப்லொஸ் (சுருள்நூல்). இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால் ‘நொஸொஸ் ஏதோ விதிவிலக்கு’ என்ற பயம் போய், ‘இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது’ என்ற தெளிவு வரும்.

4. பகுதியையும் விகுதியையும் பிரியுங்கள்

தமிழ்ப் பகுபத இலக்கணம் படித்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. நொஸ் என்பது பகுதி. அதன்பின் வருவதெல்லாம் விகுதி. பகுதி எந்த வேற்றுமையிலும் மாறாது. நோட்டில் பகுதிக்குப் பின் ஒரு செங்குத்துக் கோடு போட்டு விகுதியைத் தனியாக எழுதுங்கள். எங்கே பிழை விட்டீர்கள் என்பது கோட்டின் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே தெரியும்.

5. அட்டவணைக்கு முன் தொனிக்குறி

இதை அட்டவணைக்குப் பின் வைக்கும் புத்தகங்கள் அதிகம். நான் முன்னால் வைக்கிறேன். அட்டவணையைத் தொனியில்லாமல் மனப்பாடம் செய்தவர் அதை இரண்டாம் முறை மனப்பாடம் செய்ய வேண்டிவரும்.

கிரேக்கப் பெயர்ச்சொல்லில் தொனி எழுவாய் வடிவத்தில் எந்த அசையில் நிற்கிறதோ, முடிந்தவரை அதே அசையிலேயே நிற்கும். நொஸொஸில் அது முதல் அசையில், ‘நொ’வின் மேல். வலப்பக்கம் சாய்ந்து ஏறும் கோடு, ஏறுகுறி. ‘நொ’ குறில் என்பதால் அதன்மேல் வளைகுறி வரவே முடியாது. வளைகுறிக்கு நெடிலோ கூட்டுயிரோ வேண்டும். ஆக, அத்திக்க (ஏதென்ஸ் வட்டார வழக்கு) நொஸொஸின் எல்லா வடிவங்களிலும் முதல் அசையில் ஏறுகுறி. வேறெதுவும் இல்லை. கிரேக்கத்தில் இவ்வளவு சுலபமான தொனி கிடைப்பது அபூர்வம்.

சுலபமாக இருந்தும் ஏன் தவறுகிறார்கள்? பக்கத்துச் சொல்லின் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. ‘ஹொதொஸ்’ சொல்லில் தொனி கடைசி அசையில் இருப்பதால் ‘ஹொதூ’ என்ற உடைமை வடிவம் வளைகுறி பெறும். அதைப் பார்த்துவிட்டு ‘நொஸூ’வின் கடைசியிலும் வளைகுறி போடுவார்கள்.

பன்மை உடைமையில் இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. ‘ஏ’, ‘ஆ’ என்று முடியும் முதல் வகைப் பெண்பால் சொற்களில் ‘ஓன்’ விகுதி எப்போதும் வளைகுறி வாங்கும். நொஸொஸ் பெண்பால்தானே என்று ‘நொஸோன்’ கடைசியிலும் அதைப் போட்டால் சொல்லே மாறிவிடும். முதல் அசையில் ஏறுகுறி இருந்தால் ‘நோய்களின்’. கடைசி அசையில் வளைகுறி இருந்தால் ‘நோயுற்றிருக்கும் ஒருவன்’. எழுத்துகள் அத்தனையும் ஒன்று, குறி மட்டும் வேறு.

ஆர்ட்டிக்கிளின் தொனியையும் கவனியுங்கள். ஹே, ஹை இரண்டுக்கும் தொனிக்குறி கிடையாது, வன்மூச்சுக்குறி (சொல்லின் முதலில் ‘ஹ’ ஒலியைக் காட்டும் குறி) மட்டும் உண்டு. தேஸ், தே, தோன், தைஸ் நான்கும் வளைகுறி பெறும். தேன், தாஸ் இரண்டும் வாக்கியத்துக்குள் நொஸொஸுக்கு முன் வரும்போது இறங்குகுறி பெறும்.

கணினியில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறுகுறியோடு கூடிய ஓமிக்ரானுக்கு யூனிகோடில் இரண்டு குறியெண்கள் இருக்கின்றன, ஒன்று நவீன கிரேக்கத் தொகுதியில், மற்றது விரிவாக்கத் தொகுதியில். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நீங்கள் எழுதிய சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை என்றால் உங்கள் இலக்கணத்தைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் ‘கிரீக் பாலிடோனிக்’ விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் மூச்சுக்குறி, வளைகுறி எல்லாமே அடிக்கலாம்.

6. ஒருமை: ஐந்து வேற்றுமைகள்

வேற்றுமைகளை எந்த வரிசையில் படிப்பது என்பதை முதலில் முடிவுசெய்துவிடுங்கள். சில புத்தகங்கள் எழுவாய்க்குப் பின் விளியையும் செயப்படுபொருளையும் வைக்கும். சில உடைமையை வைக்கும். இரண்டு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிப்பவர் வாய்ப்பாடு கலைந்துபோய் நிற்பார். நான் எழுவாய், உடைமை, கொடை, செயப்படுபொருள், விளி என்ற வரிசையைச் சொல்வேன். சொற்பட்டியல் தருவதும் எழுவாயும் உடைமையும்தான், அது அப்படியே தொடரும்.

எழுவாய்: ஹே நொஸொஸ்.
உடைமை: தேஸ் நொஸூ.
கொடை: தே நொஸோ.
செயப்படுபொருள்: தேன் நொஸொன்.
விளி: ஓ நொஸெ.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆர்ட்டிக்கிளும் பெயரும் இயையவில்லை என்பது காதுக்கு உடனே தெரியும். நொமொஸில் ‘தூ நொமூ’, ‘தொன் நொமொன்’ என்று பாட்டுபோல இயையும். இங்கே ‘தேஸ் நொஸூ’. இயைபுக்குப் பழகிய காது இதைப் பொறுக்காமல் ‘தூ நொஸூ’ என்று மாற்றிவிடும். நான் பார்த்த பிழைகளில் அதிகம் வருவது இதுதான். எனவே இந்த இயையாமையையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒருமையில் நொஸொஸ் ஆர்ட்டிக்கிளோடு இயைந்து ஒலித்தால், தோ நொஸோவோ வேறெதுவோ, நீங்கள் ஆண்பால் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கொடை வேற்றுமையில் ஆர்ட்டிக்கிள், பெயர் இரண்டின் கடைசி எழுத்துக்கும் அடியில் ஒரு சின்ன அயோட்டா உண்டு. தமிழ் எழுத்தில் அது தெரியாது. நோட்டில் விடாதீர்கள். அந்தப் புள்ளியளவு கோடு இல்லையென்றால் நொஸோ இருமை (இரண்டை மட்டும் குறிக்கும் எண்) வடிவமாகிவிடும்.

இனி ஒவ்வொரு வேற்றுமையும் தமிழில் எதற்கு ஈடு என்பது. நம்மிடம் எட்டு வேற்றுமை, கிரேக்கத்தில் ஐந்து. ஒன்றுக்கு ஒன்று என்று கோடு போட்டால் மூன்று மிஞ்சும். அந்த மூன்றும் எங்கே போயின என்று தெரிந்துகொண்டால் வாக்கியம் புரியத் தொடங்கும்.

உடைமை வேற்றுமை நம் ஆறாம் வேற்றுமையையும் ஐந்தாம் வேற்றுமையையும் சேர்த்துச் சுமக்கிறது. ‘நோயின்’ என்பதும் தேஸ் நொஸூ. ‘பௌஒமை’ (ஓய்வு பெறுகிறேன், விடுபடுகிறேன்) என்ற வினையோடு வந்தால் ‘நோயிலிருந்து’ என்பதும் தேஸ் நொஸூ.

கொடை வேற்றுமை நான்காம் வேற்றுமையோடு மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருளையும் சுமக்கிறது. ‘நோய்க்கு’ என்பதும் நொஸோ, ‘நோயால்’ என்பதும் நொஸோ. ‘நொஸோ அபெதனொன்’ என்றால் ‘நோயால் இறந்தார்கள்’. புதியவர்கள் இதை ‘நோய்க்காக இறந்தார்கள்’ என்று மொழிபெயர்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கொடை வேற்றுமையைப் பார்த்ததும் ‘கு’ என்று எழுதாமல், வினையைப் பார்த்து ‘கு’வா ‘ஆலா’ என்று முடிவுசெய்யுங்கள். முன்னால் ‘என்’ என்ற முன்னிடைச்சொல் வந்தால் அது நம் ஏழாம் வேற்றுமை: ‘என் தே நொஸோ’, நோயில்.

முன்னிடைச்சொற்களில் தமிழ் வழியாக வரும் பிழைகள் இரண்டு. தமிழில் ‘நோயைப் பற்றி’ என்கிறோம், இரண்டாம் வேற்றுமை. அதனால் ‘பெரி’ என்ற சொல்லுக்குப் பின் தேன் நொஸொன் போடத் தோன்றும். ‘பற்றி’ என்ற பொருளில் பெரி கேட்பது உடைமை வேற்றுமை: ‘பெரி தேஸ் நொஸூ’. அடுத்து, தமிழில் ‘நோயின் காரணமாக’ என்று ஆறாம் வேற்றுமை வைக்கிறோம். கிரேக்க ‘தியா’ அந்தப் பொருளில் கேட்பது செயப்படுபொருள் வேற்றுமை: ‘தியா தேன் நொஸொன்’. இரண்டும் நமக்கு நேர் எதிராக இருப்பதால் ஒரே அட்டையில் எதிரெதிராக எழுதி ஒட்டிவையுங்கள்.

விளி வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். நோயைக் கூப்பிட்டுப் பேசும் வாக்கியம் உங்களுக்கு அடிக்கடி வரப்போவதில்லை.

7. பன்மை

எழுவாய்: ஹை நொஸொய்.
உடைமை: தோன் நொஸோன்.
கொடை: தைஸ் நொஸொய்ஸ்.
செயப்படுபொருள்: தாஸ் நொஸூஸ்.
விளி: நொஸொய்.

இங்கே தோன் நொஸோன் மட்டும் இயையும். எல்லாப் பாலுக்கும் ‘தோன்’ ஒன்றே என்பதுதான் காரணம். மற்ற மூன்றிலும் ‘ஹொய்’, ‘தொய்ஸ்’, ‘தூஸ்’ என்று ஆண்பால் நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழிப்பாக இருங்கள்.

குழப்பும் ஜோடி: நொஸூ, நொஸூஸ். ஒரு சிக்மாதான் வித்தியாசம். முதலாவது ‘நோயின்’, இரண்டாவது ‘நோய்களை’. ஒலியைவிட ஆர்ட்டிக்கிள்தான் இங்கே காப்பாற்றும்: தேஸ் வந்தால் ஒருமை, தாஸ் வந்தால் பன்மை.

8. இருமை

எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ‘தோ நொஸோ’, உடைமைக்கும் கொடைக்கும் ‘தொய்ன் நொஸொய்ன்’. இரண்டே வடிவம். எதிரில் வந்தால் அடையாளம் தெரிந்தால் போதும். முதல் மாதத்தில் இதை எழுதிப் பழக வேண்டியதில்லை.

9. பெயரடையைச் சேருங்கள், பால் எதற்கு என்பது அப்போதுதான் புரியும்

இவ்வளவு தூரம் பாலைப் பிடித்துத் தொங்கியதற்குப் பலன் இங்கேதான் கிடைக்கும். ஹோமரின் ‘இலியத்’ காவியத்தின் முதல் காண்டத்தில் 10ஆவது வரியில் அப்பொல்லோன் என்ற தெய்வம் படைமுழுவதும் ஒரு கொடிய நோயை எழுப்புகிறது. அந்த வரி ‘நூஸொன்’ (நோயை) என்று தொடங்குகிறது. அடுத்து ‘அனா ஸ்த்ரதொன்’ (படை நெடுக), அதன்பின் ‘எழுப்பினான்’ என்ற வினை. அதற்கும் பிறகு ‘ககேன்’, ‘கொடிய’.

பெயரடை பெயரிலிருந்து மூன்று சொல் தள்ளி நிற்கிறது. தமிழில் ‘கொடிய’ என்பது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும். எனவே நம் கண் பக்கத்தில் இருப்பதைத் தேடும், ‘ஸ்த்ரதொன் ககேன்’, ‘கொடிய படை’ என்று சேர்த்துவிடும். நூஸொன், ஸ்த்ரதொன் இரண்டுமே ‘ஒன்’ என்று முடிகின்றன. விகுதியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ககேன் பெண்பால். ஸ்த்ரதொஸ் ஆண்பால். ஆகவே கொடியது படையாக இருக்க முடியாது, நோய்தான். ஓர் எழுத்தில் முழு வரியின் பொருளும் நிற்கிறது. இந்த வரியைக் காட்டிய பிறகு ‘ஹொ நொஸொஸ்’ என்று எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் புத்தகத்தில் ஹோமர் எப்போது வருகிறார் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஒரு வரியை இப்போதே படியுங்கள்.

சரி, இதைக் கற்றதும் எதிர்ப்பக்கப் பிழை ஒன்று வரும். பெண்பால் என்றதும் எல்லாப் பெயரடைக்கும் ‘ஏ’ போடுவது. கூட்டுப் பெயரடைகள் பலவற்றுக்கு ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம்தான். ‘குணப்படுத்த முடியாத’ என்ற ‘அனீஆதொஸ்’ அப்படி ஒன்று. ‘ஹே அனீஆதொஸ் நொஸொஸ்’ என்பதே சரி. அதை ‘அனீஆதே’ என்று ‘திருத்த’க் கூடாது. பெயரடையை அகராதியில் பார்க்கும்போது அதற்கு மூன்று வடிவம் தந்திருக்கிறார்களா, இரண்டா என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் பெண்பாலுக்குத் தனி வடிவம் கிடையாது.

10. அயோனிய ‘நூஸொஸ்’

மேலே ஹோமரில் ‘நொஸொன்’ இல்லை, ‘நூஸொன்’ என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். ஹோமர், ஹெரொதொதஸ், ஹிப்பொக்ராத்தஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் எல்லாம் அயோனியம் என்ற இன்னொரு வட்டார வழக்கின் வடிவத்தைக் கையாள்கின்றன. நோயைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர் மருத்துவ நூல்களைத்தான் முதலில் தொடுவார். அத்திக்க வடிவம் மட்டும் தெரிந்தால் முதல் பக்கத்திலேயே திகைப்பார்.

விகுதிகளில் பெரிய மாற்றம் இல்லை. பகுதி நொஸ் என்பதற்குப் பதில் நூஸ். இதனால் தொனி மட்டும் சிக்கலாகும். முதல் அசை இப்போது நெடில். கடைசி அசை குறிலானால் முதல் அசையில் வளைகுறி: நூஸொஸ், நூஸொன். கடைசி அசை நெடிலானால் ஏறுகுறி: நூஸூ, நூஸோ, நூஸோன். பன்மை எழுவாய் ‘நூஸொய்’ பார்க்க நெடில்போல முடிந்தாலும் தொனிக் கணக்கில் அந்த முடிவு குறில், ஆகவே வளைகுறி. அத்திக்க வடிவத்தை முதலில் படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹோமரில் இந்த வகைச் சொற்களின் உடைமை ‘ஒயொ’ என்றும், பன்மைக் கொடை ‘ஒய்ஸி’ என்றும் நீண்டு வரலாம். பகுதிக்குப் பின் கோடு போடும் பழக்கம் இருந்தால் இவை பயமுறுத்தாது.

வலிப்பு நோயைப் பற்றிய புகழ்பெற்ற மருத்துவ நூலின் தலைப்பு ‘பெரி ஹியெரேஸ் நூஸூ’, அதாவது ‘புனித நோயைப் பற்றி’. நீங்கள் படித்த மூன்று விஷயங்கள் இந்த ஒரு தலைப்பில் இருக்கின்றன: பெரிக்குப் பின் உடைமை வேற்றுமை, பெண்பால் பெயரடை, அயோனியப் பகுதி. அத்திக்கத்தில் அந்தப் பெயரடை ‘ஹியெராஸ்’ என்று வரும், அயோனியத்தில் ‘ஹியெரேஸ்’. நோட்டில் தலைப்பை எழுதி அதன்கீழ் அத்திக்க வடிவத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்: பெரி ஹியெராஸ் நொஸூ.

இங்கே ஒரு கண்ணி. ‘நூஸ்’ என்றே ஒரு தனிச் சொல் உண்டு, மனம், அறிவு என்று பொருள். அது ஆண்பால், அதன் உடைமை ‘நூ’. பக்கத்தில் ஸூ, ஸொன் என்று இன்னோர் அசை இருந்தால்தான் அது நோய்.

11. வினைக்கு வாருங்கள்

பெயரோடு நிறுத்தினால் பாதிச் சொல்தான் தெரியும். இதே பகுதியிலிருந்து ‘நோயுற்றிருக்கிறேன்’ என்ற வினை வருகிறது. அகராதியில் ‘நொஸெஓ’ என்று இருக்கும், வாக்கியத்தில் உயிர்கள் சேர்ந்து சுருங்கிவிடும்: நொஸோ, நொஸெய்ஸ், நொஸெய், நொஸூமென், நொஸெய்தெ, நொஸூஸி. நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று முறையே பொருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கையில் மூன்று ‘நொஸோ’ இருக்கின்றன. முதல் அசையில் தொனியும் அடி அயோட்டாவும் இருந்தால் ‘நோயால்’. முதல் அசையில் தொனி, அடி அயோட்டா இல்லை என்றால் ‘இரண்டு நோய்கள்’. கடைசி அசையில் வளைகுறி என்றால் ‘நோயுற்றிருக்கிறேன்’. தொனிக்குறியை அலங்காரம் என்று நினைப்பவருக்கு இந்த மூன்றையும் எழுதிக் காட்டினால் போதும்.

காலத்தைப் பொறுத்து இந்த வினையின் பொருளே கொஞ்சம் நகரும். நிகழ்காலம் ஒரு நிலையைச் சொல்கிறது: நோயோடு இருக்கிறான். அயோரிஸ்ட் எனப்படும் இறந்தகால வடிவம் ‘எநொஸேஸெ’ பல இடங்களில் அந்த நிலைக்குள் நுழைந்த கணத்தைச் சொல்லும்: நோயில் விழுந்தான்.

துகிதிதேஸ் கி.மு. 430இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயைத் தன் வரலாற்றின் இரண்டாம் நூலில் விவரிக்கிறார். தொடக்கத்தில் பெயரைப் பயன்படுத்துகிறார், ‘ஹே நொஸொஸ்’ ஏதேனியர்களுக்கு வரத் தொடங்கியது என்று. சற்றுத் தள்ளி, தான் எழுதத் தகுதியானவன் ஏன் என்று சொல்லும் இடத்தில் ‘அவ்தொஸ் தெ நொஸேஸாஸ்’ என்கிறார், ‘நானே நோயில் விழுந்து’. ஒரே பகுதி, பெயராக ஒரு முறை, வினையெச்சம்போல ஒரு முறை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்த அயோரிஸ்டின் எடை தெரியும். எனக்கு இந்த மூன்று சொல் வரலாற்று நூல்களிலேயே மிகவும் பிடித்த வாக்குமூலம்.

நிகழ்காலத்துக்கு சொபொக்ளேஸின் ‘ஒய்திபூஸ்’ நாடகத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். 60, 61ஆம் வரிகளில் அரசன் மக்களிடம் பேசும்போது நொஸெய்தெ, நொஸூந்தெஸ், நொஸெய் என்று மூன்று வடிவங்கள் இரண்டே வரிகளில் வருகின்றன: நீங்கள் எல்லாரும் நோயுற்றிருக்கிறீர்கள், அப்படி நோயுற்றிருந்தும் என்னளவுக்கு நோயுற்றவர் உங்களில் ஒருவரும் இல்லை. உடல்நோயும் மனத்துயரும் நாட்டின் சீர்கேடும் இந்த ஒரே வினையில் சேர்ந்து நிற்கின்றன. அதனால் இதை எல்லா இடத்திலும் ‘காய்ச்சல்’ என்ற அளவுக்குச் சுருக்கி மொழிபெயர்க்காதீர்கள்.

12. சோதித்துக்கொள்ளும் முறை

அட்டவணையை ஒப்பிப்பது சோதனை இல்லை. பழங்கிரேக்கக் கவிஞர் ஹெஸியொதின் ‘வேலைகளும் நாட்களும்’ 102ஆம் வரியில் தொடங்கும் வாக்கியத்தை எடுங்கள். நோய்கள் மனிதர்களிடம் சில பகலிலும் சில இரவிலும் தாமாகவே வந்து உலவுகின்றன என்பது பொருள். ‘நூஸொய்’ என்று தொடங்கும், கொஞ்சம் தள்ளி ‘ஹை’ வரும், அடுத்த வரியில் ‘அவ்தொமதொய்’ (தாமாகவே) வரும்.

மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நூஸொய் எந்த எண், எந்த வேற்றுமை, ஏன் நொஸொய் இல்லை? அந்த ‘ஹை’ எதைச் சுட்டுகிறது, அது ‘ஹொய்’ என்று ஏன் வரவில்லை? அவ்தொமதொய் ஆண்பால்போல முடிந்தும் நூஸொயோடு எப்படிச் சேர்கிறது? மூன்றாவதில் தடுமாறினால் 9ஆம் படிக்குத் திரும்புங்கள். பெயரடை இங்கே பெண்பாலுக்குத் தனி வடிவம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதிய பின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் அந்த வரியைத் திறந்து ஒவ்வொரு சொல்லையும் சொடுக்கிப் பாருங்கள். சாத்தியமான இலக்கண விளக்கங்களை அது பட்டியலிடும். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் எது பொருந்தும் என்று முடிவுசெய்வது உங்கள் வேலை. முதலில் சொடுக்கிவிட்டு அப்புறம் விடை எழுதினால் பயிற்சியின் பயன் போய்விடும்.

உச்சரிப்புக்காக இன்றைய கிரேக்கப் பேச்சைக் கேட்டுப் பழகலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்தச் சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது, மருத்துவமனைக்கு ‘நொஸொகொமீஒ’ என்றுதான் பெயர். ஆனால் இன்றைய கிரேக்கத்தில் ஓமிக்ரானும் ஓமேகாவும் ஒரே ஒலி, கொடை வேற்றுமை மறைந்துவிட்டது, ‘ஹே’ என்பது ‘இ’ ஆகிவிட்டது, நொஸொன் கடைசி ‘ன்’ இழந்துவிட்டது. பழைய வடிவங்கள் கையில் படியும் வரை அதைத் தள்ளிவையுங்கள். நொஸொனையும் நொஸோனையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பிரிக்க முடிகிறது என்ற நிலை வந்த பிறகு கேட்கத் தொடங்குங்கள்.